டைரக்ட் டெஸ்மன்

மன்னாரில் வெறும் டெஸ்மன் என்று கேட்டால் யாருக்கும் விளங்காது. "ஆர், டைரக்ட் டெஸ்மனோ?" என்பார்கள். யுத்தத்தில் ஊருக்குள் சாமான் விடாத தடைக் காலத்தில் பியூஸ் இல்லை, சுவிட்ச் இல்லை, உதிரிப்பாகம் என்ற பேச்சே இல்லை. டெஸ்மன் எரிந்த பாகத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, இரண்டு வயர்களையும் முறுக்கி நேராக இணைத்துவிடுவார். தண்ணீர் மோட்டார் ஓடும், மருந்து வைக்கும் பிரிட்ஜ் குளிரும். குண்டு விழுகிற ஊரில் பிரிட்ஜ் எரிந்துவிடும் என்று யார் பயந்தார்கள்? அவரைக் கும்பிடாத குறைதான்.

புலம்பெயர்ந்து வந்த ஆக்லாந்தில் அந்தக் கைக்கு நான்கு வருடம் வேலையில்லை. மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு தொழிற்சாலையில் அட்டைப்பெட்டி அடுக்கினார். மின்வேலைக்கு இங்கே பதிவு வேண்டும். இரண்டு தடவை பரீட்சையில் கோட்டைவிட்டு, 1997 ஜூனில் மூன்றாம் தடவை தேறினார். பதிவுப் பத்திரம் தபாலில் வரவேண்டியதுதான் பாக்கி. அது வருமுன் யார் வீட்டிலாவது தனியாக வயரைத் தொட்டது தெரிந்தால் எல்லாம் போச்சு. மனைவி லூசியா முதியோர் இல்லத்தில் முதுகு ஒடிய வேலை செய்ததும் அந்தப் பத்திரத்தை நம்பித்தான்.

அந்த நேரம் பார்த்து, கூட வேலை செய்யும் விநாயகமூர்த்தி வந்து நின்றான். மவுண்ட் ஆல்பர்ட்டில் பழைய மரவீடு ஒன்று வாங்கியிருந்தான். தரைக்கு அடியில் ஒரு கிழட்டுக் காஸ் ஹீட்டர், குழாய் வழியே அறைக்கு அறை சூடான காற்றை அனுப்புவது. அதை இயக்கும் சுவர் தெர்மோஸ்டாட் செத்துப்போயிருந்தது. அவன் மனைவி ரதிதேவி பிள்ளை பெற்றுப் பதினெட்டு நாள்.

"புதுசு வாங்கி வச்சிருக்கிறன் அண்ணை. ரெண்டு வயர்தானே? பிள்ளை குளிரில விறைக்குது."

சனிக்கிழமை டெஸ்மன் போனார். பிள்ளை பெற்றவள் இருக்கும் அறைப் பக்கம் வேற்று ஆண் போவது முறையில்லை. அதனால் முன்ஹாலோடு நின்று, சுவரில் புதிய தெர்மோஸ்டாட்டைப் பூட்டினார். சிவப்பைச் சிவப்போடு, வெள்ளையை வெள்ளையோடு. ஹீட்டர் மூச்சுவிட்டுக் கிளம்பியது. ஏழு நிமிடத்தில் நின்றது. மறுபடி கிளப்பினார், மறுபடி நின்றது.

டார்ச்சோடு வீட்டுக்கு அடியில் தவழ்ந்தார். அளவுக்கு மேல் சூடானால் நெருப்பை அணைக்கிற ஒரு சின்னக் காவல் சுவிட்ச் விழுந்து விழுந்து எழும்பியது. ஏன் விழுகிறது என்று தேட வேண்டும். பில்டரைப் பார்த்தார், விசிறியைப் பார்த்தார், ஒன்றும் பிடிபடவில்லை. தலைக்கு மேலே பலகை இடுக்கால் பிள்ளையின் அழுகை கேட்டது. வீறிட்ட அழுகை. அது அவரைக் குடைந்தது. சுவிட்ச்தான் பழசு, திங்கட்கிழமை புதுசு போடலாம் என்று தனக்கே சொல்லிக்கொண்டு, இரண்டு வயர்களையும் கழற்றி முறுக்கிவிட்டார். டைரக்ட். ஹீட்டர் நிற்காமல் ஓடியது, பிள்ளையும் அடங்கியது.

ஞாயிறு பூசை முடிந்து ஹென்டர்சனிலுள்ள தன் வீட்டில் தேத்தண்ணி குடிக்கும்போது மூர்த்தி போன் எடுத்தான்.

"வீடு சித்திரை வெயில் மாதிரிக் கொதிக்குது அண்ணை! இவளும் பச்சை உடம்புக்குக் காத்துப் படக்கூடாதெண்டு, அறை வாசல்ல சில்லெண்டு இழுக்கிற அந்தப் பெரிய கம்பி ஓட்டையைப் பழைய குயில்ட் போர்வையால அடைச்சுப்போட்டாள், பிள்ளை பிறந்த நாள் தொடக்கம். எனக்குத்தான் காலமை தொடக்கம் தலையிடி. சரி, பிள்ளை நித்திரை. ரிசீவரைக் கழட்டி வைக்கப்போறன்."

டெஸ்மன் கோப்பையைக் கீழே வைத்தார். காற்றை இழுத்தது அந்த ஓட்டைதான். வீட்டின் காற்று ஹீட்டருக்குத் திரும்பிப் போகிற வழி அது. அது அடைபட்டதால்தான் யந்திரம் கொதித்தது, கொதித்ததால்தான் சுவிட்ச் விழுந்தது. சுவிட்ச் பழசில்லை, தன் கடமையைச் செய்தது. கொதித்த பழைய இரும்பு வெடிப்புவிட்டால், மணமே இல்லாத நஞ்சு வாயு குழாயோடு அறைக்குள் போகும். முதல் அறிகுறி தலையிடி. பரீட்சையில் இந்தக் கேள்வி வந்தது. சரியாகத்தான் எழுதியிருந்தார்.

மூர்த்தியின் நம்பர் எங்கேஜ். மறுபடி எங்கேஜ்.

"இஞ்சேருங்கோ, அவசர நம்பருக்கு அடிச்சா ஆர் பூட்டினதெண்டு கேப்பாங்கள்," என்றாள் லூசியா.

டெஸ்மனின் விரல் பட்டனில் நின்றது. பிறகு கார்ச் சாவியை எடுத்தார். "நான் போய்க் கழட்டிப்போட்டு வாறன்."

பதினெட்டு நிமிடம். ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் மாதாவைக் கூப்பிட்டார்.

மூர்த்தி கதவைத் திறந்து நிலைக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். முகம் வெளுத்திருந்தது. உள்ளே ரதிதேவி நெற்றியில் துணி கட்டிப் படுத்திருந்தாள்.

"சத்தம் போடாதேங்கோ அண்ணை. இண்டைக்குத்தான் பிள்ளை நல்லா நித்திரை. பாலுக்குக்கூட எழும்பேல்லை."

முறையாவது மண்ணாவது! டெஸ்மன் அறைக்குள் பாய்ந்து பிள்ளையைத் தூக்கினார். கை கால் துவண்டு தொங்கின. "காத்துப் படும்! ஐயோ, காத்துப் படும்!" என்று ரதிதேவி சுவரைப் பிடித்தபடி பின்னால் கத்திக்கொண்டு வந்தாள். ஜூலை மாதக் குளிர்காற்றில் அவர் அந்தப் பச்சைப் பிள்ளையைத் திறந்த முற்றத்தில் ஏந்திக்கொண்டு நின்றார். அம்புலன்சைக் கூப்பிட்டது பக்கத்து வீட்டுக்காரி. தீயணைப்பு அதிகாரி வயரை யார் முறுக்கியது என்று கேட்டபோது, டெஸ்மன் தன் பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னார்.

மூச்சு இருக்கிறது என்றார்கள் ஆஸ்பத்திரியில். கால்மணி நேரம் முந்தியிருந்தால் நல்லது, இனிப் பொறுத்துத்தான் பார்க்கவேண்டும் என்றார்கள். அந்தக் கால்மணி நேரம் எங்கே போனது என்று டெஸ்மனுக்கு மட்டும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை பத்திரம் தபாலில் வந்தது. லூசியா அதை மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். டெஸ்மன் உறையைப் பிரிக்காமல் ஆஸ்பத்திரிக்கு போன் எடுத்தார். நெடுநேரம் காத்திருந்த பிறகு மூர்த்தி லைனில் வந்தான்.

"பிள்ளை அழுதவனோ, மூர்த்தி?"

"இன்னும் இல்லை அண்ணை."