தங்கை வண்டியில் இருந்ததைப் போல நான்கு டயர்

என் காரின் டயர்கள் நான்கும் தேய்ந்துபோயிருந்த சமயத்தில்தான் தங்கை புது வண்டி வாங்கினாள்.

அவள் இருப்பது கடலூரில், தேவனாம்பட்டினம் போகும் சாலையில். வங்கியில் வேலை. நான் சிதம்பரத்தில் இருக்கிறேன். காட்டுமன்னார்கோயிலில் ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். என் கணவருக்கு ஓசூரில் வேலை, பதினைந்து நாளைக்கு ஒருமுறை வருவார். அப்பா என்னோடுதான் இருக்கிறார். அம்மா போனதிலிருந்து அவருக்குச் சமைத்துப் போடுவது, மாத்திரை எடுத்துக் கொடுப்பது, டாக்டரிடம் கூட்டிப்போவது எல்லாம் நான்தான். இதைச் சொல்லிக்காட்டுகிறேன் என்று எனக்கே தெரிகிறது. ஆனால் இதைச் சொல்லாமல் நடந்ததைச் சொல்ல முடியாது.

அப்பா பஸ் டிரைவராக இருந்து ஓய்வுபெற்றவர். சிதம்பரத்துக்கும் காட்டுமன்னார்கோயிலுக்கும் நடுவே பல வருடம் டவுன் பஸ் ஓட்டினார். நான் தினமும் பள்ளிக்குப் போய்வருகிற அதே ரோடு. எந்த வளைவில் தண்ணீர் நிற்கும், எங்கே நெல் காயப்போட்டு ரோட்டைப் பாதியாக்கியிருப்பார்கள் என்பதெல்லாம் அவருக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். அப்படிப்பட்டவர் என் ஓட்டுதலைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. நல்லதாகவும் இல்லை, கெட்டதாகவும் இல்லை.

தங்கை புது வண்டியை எடுத்துக்கொண்டு சிதம்பரம் வந்த அன்று அப்பா வாசலுக்கே போய்விட்டார். உயரமான, வெள்ளை நிற வண்டி. தோளில் இருந்த துண்டை எடுத்துக் கண்ணாடியில் இருந்த தூசியைத் துடைத்தார். பிறகு முன்சக்கரத்தின் பக்கத்தில் கஷ்டப்பட்டுக் குனிந்து டயரைத் தடவினார். அகலமான டயர். அதன் மேல் பட்டன் பட்டனாக ரப்பர் கட்டிகள் எழும்பி நின்றன.

"கம்பெனி போட்டதை மாத்திட்டேன்பா. நீங்க சொன்னதத்தான் போட்டுருக்கேன்" என்றாள் தங்கை.

அப்போதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. போன வாரம் அவளைப் பார்க்கக் கடலூர் போன அப்பா, அவளோடு டயர் கடைக்கும் போயிருக்கிறார். வீட்டுக்கு வந்து என்னிடம் மூச்சு விடவில்லை.

அவளோடு ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தவர், "சின்னவ பிரேக்கே போடாம ஓட்றா. எங்க நிக்கணும்னு முன்னாடியே அவளுக்குத் தெரியுது" என்றார். நான் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தேன். தினமும் அவருடைய ரோட்டில்தான் நான் போகிறேன், ஒரு நாள்கூட வண்டியை எங்கும் இடித்ததில்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. "இன்னும் கொஞ்சம் சோறு வைக்கவா?" என்று கேட்டேன்.

அதற்குப் பிறகு என் டயர்களைப் பார்க்கவே பிடிக்கவில்லை. நிஜமாகவே அவை மொட்டையாகத்தான் இருந்தன. வீராணம் ஏரிக்கரைப் பக்கம் சேறு படிந்த ரோட்டில் ஒரு நாள் காலை பிரேக் மிதித்தபோது வண்டி அரை அடி வழுக்கிக்கொண்டு போய் நின்றது. மாற்றத்தான் வேண்டும். அப்பா தானாகக் கேட்பார் என்று ஒரு வாரம் காத்திருந்தேன். அவர் காதில் விழுகிற மாதிரி போனில் கணவரிடம், "டயர் போயிடுச்சுங்க, மாத்தணும்" என்று இரண்டு தரம் சொன்னேன். அப்பா பேப்பரைத் திருப்பினார், அவ்வளவுதான்.

அடுத்த சனிக்கிழமை அவரிடம் சொல்லாமல் கடலூருக்குக் கிளம்பினேன். சிதம்பரத்திலேயே நல்ல டயர் கடைகள் இருக்கின்றன. நான் போனது தங்கை வாங்கிய அதே கடைக்கு.

கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். சக்கரத்தைப் பார்த்தார், வண்டியில் என்ன அளவு என்று எழுதியிருப்பதைப் படித்தார். எங்கெங்கே ஓட்டுகிறேன் என்று கேட்டார். வெயிலில் கொதிக்கிற தார் ரோடு, மழையில் தண்ணீர் தேங்குகிற ரோடு, அறுப்பு நேரத்தில் டிராக்டர் இறக்கிவிட்டுப் போகிற சேறு என்று எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் ஆழமான நீளக் கோடுகள் ஓடிய ஒரு டயரை உருட்டிக்கொண்டு வந்தார்.

"இது போடுங்க மேடம். தண்ணிய நல்லா தள்ளிவிடும். சத்தம் இருக்காது. வெயிலுக்கும் மழைக்கும் சேத்து இதான் சரி."

எனக்கு அது ஒல்லியாகத் தெரிந்தது. சுவரோரம் அடுக்கியிருந்த பட்டன் டயர்களைக் காட்டி, "அந்த மாதிரி என் வண்டிக்கு வருமா?" என்று கேட்டேன்.

"அது பெரிய வண்டிக்கு மேடம். உங்க ரிம்முக்கு அதுல ஒரு சைஸ் ஒக்காரும். ஆனா அகலமும் ஜாஸ்தி, உயரமும் ஜாஸ்தி. ஆள் ஏறுனா, வளைக்கும்போது உள்ள உரசும்."

"நான் ஒருத்திதான் போவேன்" என்றேன்.

அவர் இன்னும் ஒரு தடவை வேண்டாம் என்றார். "தங்கச்சி வண்டியில இதான் போட்டுருக்கு" என்று நான் சொன்னதும் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஜாக்கியை எடுத்துவரச் சொன்னார். எனக்கு முகம் சுட்டது. இருந்தும் அதையே போட்டுக்கொண்டேன்.

வீட்டு வாசலில் என் சின்ன கார் கொஞ்சம் உயரமாக, அகலமான கால்களோடு நின்றது. ஸ்டியரிங் கனத்துவிட்டது. நாற்பதைத் தாண்டினால் மாவு மில் மாதிரி ஒரு சத்தம். அப்பா ஜன்னல் வழியாகப் பார்த்தார். "டயர் மாத்திட்டியா" என்று மட்டும் கேட்டார். "ம்" என்றேன்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. அப்பாவுக்குக் கடலூரில் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது, ஒரு மாதம் கழித்துக் காட்ட வரச்சொல்லியிருந்தார்கள். முந்தின நாள் தங்கை போன் செய்தாள்.

"அக்கா, ரோடெல்லாம் தண்ணியா கெடக்கு. நானே வந்து அப்பாவக் கூட்டிட்டு வந்துடறேன்."

"ஏன், நான் ஓட்டமாட்டனா? எனக்கும் நல்ல டயர்தான் இருக்கு."

"நான் அப்படிச் சொல்லலக்கா" என்றாள். நான் வேறு ஏதோ பேசி போனை வைத்துவிட்டேன்.

காலையில் கிளம்பினோம். அந்த வாரம் கணவரும் வந்திருந்தார். பின்சீட்டில் அவரும், தங்கைக்காகக் கீரப்பாளையத்தில் இருந்து வாங்கிவைத்திருந்த ஒரு மூட்டை அரிசியும். டிக்கியில் இன்னொரு மூட்டை. முன்சீட்டில் அப்பா. புதுச்சத்திரம் தாண்டி ஓர் இடத்தில் பாலம் வேலை நடந்ததால் வண்டிகளைப் பக்கத்து மண் ரோட்டில் இறக்கிவிட்டிருந்தார்கள். இடது பக்கம் முழுதாக வளைத்து இறங்கினேன்.

"நிறுத்து. உரசுது" என்றார் அப்பா.

"மழ சத்தம்பா."

"மழ சத்தம் எனக்குத் தெரியாதா? நிறுத்தும்மா."

நான் நிறுத்தவில்லை. அடுத்த பள்ளத்தில் வண்டி அமுங்கியபோது கீழே ஏதோ கிழிகிற சத்தம் கேட்டது. ரப்பர் கருகுகிற வாடை வந்தது. சக்கரத்துக்கு மேலே உள்பக்கம் இருக்கும் பிளாஸ்டிக் தடுப்பை டயர் பிய்த்து இழுத்துச் சுருட்டிக்கொண்டிருந்தது. வண்டி சேற்றில் நின்றுவிட்டது. பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. கணவர் குடையோடு இறங்கிப் பார்த்துவிட்டு வந்து, என்னிடம் கேட்காமலே தங்கைக்குப் போன் செய்தார்.

முக்கால் மணி நேரத்தில் வெள்ளை வண்டி வந்தது. தங்கை ஒன்றும் கேட்கவில்லை, டயரைப் பார்த்தாள், அவ்வளவுதான். அவள் ஏதாவது சொல்லியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அப்பா அந்த வண்டிக்கு மாறினார். இரண்டு அரிசி மூட்டையும் மாறின. அந்த வழியாக வந்த ஒரு மெக்கானிக் பிளாஸ்டிக்கை அறுத்து எடுத்துக் கொடுத்தார். கனம் குறைந்ததும் என் வண்டி நகர்ந்தது.

கடலூர் வரைக்கும் தங்கையின் பின்னாலேயே போனேன். தேங்கிய தண்ணீரை அவள் டயர்கள் இரண்டு பக்கமும் பிளந்துகொண்டு போயின. அந்தத் தடத்திலேயே நான் போனேன். அவள் வண்டியின் பின் கண்ணாடி வழியாக அப்பாவின் கை தெரிந்தது. எதையோ சொல்லி ஆட்டிக்கொண்டே வந்தார். என்னோடு வரும்போது அந்தக் கை மடியில்தான் இருக்கும். பக்கத்தில் கணவர் ஏதோ ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் காதில் ஏறவில்லை.

ஆஸ்பத்திரி முடிந்து தங்கை வீட்டில் சாப்பிட்டோம். அடுப்படியில் அவளோடு தனியாக இருந்தபோது அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"உன் வண்டிக்கு டயர் பாக்க அப்பா வந்தாரு. எனக்கு ஏன் வரல?"

அவள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "நான் கேட்டேன், வந்தாரு. நீ கேட்டியா?"

நான் குழாயைத் திறந்து தட்டைக் கழுவினேன்.

"நீ எதையும் கேக்கமாட்டக்கா. எல்லாத்தையும் நீயே செஞ்சுட்டு, அப்பறம் கோச்சுக்குவ" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. களைப்பாகத்தான் இருந்தது.

திரும்பும்போது மழை விட்டிருந்தது. வண்டியில் அப்பாவும் நானும் கணவரும் மட்டும். முப்பதுக்கு மேல் போகாமல், வளைவுகளில் நின்று நின்று ஓட்டினேன். ஆலப்பாக்கம் தாண்டி, "அப்பா, வேற டயர் போடணும். கடைக்கு வர்றீங்களா?" என்று கேட்டேன். அதைக் கேட்க எனக்கு ஐம்பது வயது ஆகியிருக்கிறது.

"எப்ப?" என்றார்.

அடுத்த சனிக்கிழமை போனோம். கடைக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். ஆனால் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. முதலில் அவர் சொன்ன அதே நீளக்கோடு டயரையும், இன்னொரு கம்பெனி டயரையும் உருட்டிவந்தார். அப்பா இரண்டின் ஓரத்தையும் நகத்தால் அழுத்திப் பார்த்தார். பக்கவாட்டில் எப்போது செய்தது என்று குறித்திருக்கும் எண்களை என்னைப் படிக்கச்சொன்னார். இரண்டாவதைத் தட்டி, "இது கெட்டி. ரொம்ப நாள் வரும்" என்றார்.

"கெட்டியா இருந்தா ஈரத்துல புடிக்காதுப்பா. இப்ப அந்த ரோடு நீங்க ஓட்டுன ரோடு இல்ல. ஏரிக்கரையில புதுசா தார் போட்டுக் கண்ணாடி மாதிரி வெச்சிருக்காங்க. மழையில நான் காலையில எட்டு மணிக்குப் போவேன். நெல்லு லோடு டிராக்டர் சேத்த இறக்கிட்டுப் போயிருக்கும். எனக்குத் தண்ணிய தள்ளணும், நிக்கணும். கொஞ்சம் சீக்கிரம் தேஞ்சா பரவால்ல."

இவ்வளவு நீளமாக ரோட்டைப் பற்றி நான் அவரிடம் பேசியதே இல்லை. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எந்த வளைவு, எந்த மதகுப் பக்கம் என்று இரண்டு கேள்வி கேட்டார். சொன்னேன்.

"சரி. ஓட்றது நீ. மொதல்ல காட்டுனதையே போடு" என்றார்.

கம்பெனி சொன்ன அளவில் நான்கு டயர் மாட்டினார்கள். கடைக்காரரோ அப்பாவோ பழசைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மிச்ச மழைக்காலம் முழுக்க வண்டி வழுக்காமல் ஓடியது. சத்தமும் இல்லை.

தங்கை மேல் இருந்த பொறாமை போய்விட்டது என்று சொன்னால் பொய். பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வந்து, "பீச்சுக்குப் போலாம் வாங்கப்பா" என்றதும் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். வெள்ளை வண்டி தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்றிருந்தேன். பழைய வலி அப்படியே இருந்தது. உள்ளே வந்து சாவியை எடுத்தேன். தங்கைக்குப் போன் செய்து, "நில்லு, நானும் வர்றேன்" என்றேன்.

"வா, வா. பெட்ரோல் பங்க் கிட்ட நிக்கிறோம்" என்றாள்.