பெடியன்ரை சீற்றைப் பறித்தவள்

மருத்துவக் கல்லூரியிலிருந்து எனக்கு நேர்முகத்துக்கு அழைப்பு வந்த கிழமையே, ஒரு மனுசி கனடாவில், அஜின்கோர்ட்டிலிருந்த எங்கள் பிளாற்றுக்கு வந்து, என்னை விலகிக்கொள்ளச் சொல்லிக் கேட்டார். கேட்டார் என்றா சொன்னேன்? கட்டளை போட்டார். கையில் ஒரு பெட்டி இறைச்சி ரோல்ஸ் வேறு.

அவரை எனக்கு ரியூசனால்தான் தெரியும். அவருடைய மகனும் நானும் ஒரே மாஸ்டரிடம் படித்தோம். ஊரில் பெரிய பள்ளிக்கூடமொன்றில் இரசாயனம் படிப்பித்தவர் அந்த மாஸ்டர். இங்கே தன் வீட்டு பேஸ்மன்றில் மருத்துவ நுழைவுப் பரீட்சைக்கு வகுப்பு நடத்தினார். பரீட்சை முடிந்த பிறகு நேர்முகத்துக்கும் பயிற்சி கொடுத்தார். பெடியனுக்கு இருபத்தொரு வயது. எனக்கு முப்பத்தேழு. என்னை "அன்ரி" என்று கூப்பிட்டு, பௌதிகத்தில் எனக்கு விளங்காததையெல்லாம் பொறுமையாகச் சொல்லித் தருவான். அவன்மேல் எனக்கு அன்றும் கோபமில்லை, இன்றும் இல்லை. மற்ற எல்லோர்மேலும் இருக்கிறது.

என்னிடம் உயர்தரச் சான்றிதழ் கிடையாது. ஊரில் என் படிப்பு பத்தாம் வகுப்போடு சரி. கனடாவுக்கு வந்து முதியோர் இல்லமொன்றில் கிழவர்களைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, சோறு தீத்திக்கொண்டிருந்தேன். பள்ளிச் சான்றிதழ் இல்லாத வயதுவந்தவர்களையும், ஓர் ஆயத்த வகுப்பை முடித்தால் பல்கலைக்கழகம் எடுக்கும் என்று அங்கே வேலை செய்த தாதி ஒருத்திதான் சொன்னாள். ஆயத்த வகுப்பை முடித்தேன். கம்பஸுக்குப் போனேன். வகுப்பில் எல்லோரும் என்னை யாரோ ஒரு பிள்ளையின் தாய், சாப்பாட்டுப் பெட்டி கொடுக்க வந்திருக்கிறாள் என்று நினைத்தார்கள். அதையும் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டி வந்த பிறகுதான் இந்த மனுசி வந்து சோபாவில் இருந்தார்.

"தங்கச்சி, நான் சொல்லுறதைக் குறை நினையாதையும். எங்கட ஆக்களிலை எத்தினை பேரை எடுக்கப் போறாங்கள்? மிஞ்சி மிஞ்சிப் போனா ஒண்டு. நீர் உள்ளை போனீர் எண்டா என்ரை பெடியன்ரை சீற் போச்சு."

"ஆர் உங்களுக்கு அப்பிடிச் சொன்னது? இஞ்சை தமிழருக்கு இத்தினை சீற் எண்டு கணக்கொண்டும் இல்லை, அக்கா."

"கணக்கில்லாத நாடு எங்கை இருக்கு? வெளியிலை சொல்லமாட்டாங்கள், அவ்வளவுதான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தக் கணக்கு எங்கேயிருந்து வந்தது என்று எனக்கா தெரியாது? ஊரில் தரப்படுத்தல் என்று சொல்லி, எங்கள் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டும் கம்பஸுக்கு எடுக்கும் வெட்டுப்புள்ளியை ஏற்றி வைத்தார்கள். என் அண்ணன் அதில்தான் விழுந்தான். அடுத்த வருடம் நான் விஞ்ஞானப் பிரிவுக்குப் போகக் கேட்டபோது அப்பா சொன்னார்: "இருக்கிறதே கொஞ்ச இடம். அதிலை நீயும் போய் ஒரு பெடியன்ரை இடத்தை எடுக்கப் போறியோ?" என்னைக் கொண்டுபோய்த் தட்டச்சு வகுப்பில் விட்டார். அண்ணனை வெட்டியது அரசாங்கம். என்னை வெட்டியது என் அப்பா. அந்த அநியாயத்துக்குத் தப்பி ஓடிவந்த சனம், அந்த வெட்டுப்புள்ளியையும் சூட்கேசில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறது, சீ!

மனுசி விடவில்லை. "உமக்கென்ன குறை? மனுசன் உழைக்கிறார், பிள்ளை இருக்கு. இந்த வயசிலை டொக்டராகி என்னத்தைக் கிழிக்கப் போறீர்?"

"எழும்புங்கோ" என்றேன். "ரோல்ஸையும் எடுத்துக்கொண்டு போங்கோ."

அவர் போன பிறகு என் கணவர் குசினியிலிருந்து வெளியே வந்து, "கொஞ்சம் பதமாச் சொல்லியிருக்கலாம்" என்றார். அவருக்கும் அன்றைக்கு என்னிடம் நல்லாக ஏச்சுக் கிடைத்தது.

அடுத்த சனிக்கிழமை வகுப்புக்குப் போனேன். மாஸ்டர் என்னை உள்ளே விடாமல், எல்லோரும் பனிச் சப்பாத்துக் கழற்றும் படியடியிலேயே மறித்தார்.

"பிள்ளை, நீர் இனி வீட்டிலை இருந்து ஆயத்தப்படுத்தலாம்தானே. தாய் தேப்பன்மார் முறையிடுகினம். அவையின்ரை பிள்ளையளின்ரை எதிர்காலம்…"

"அப்ப என்ரை எதிர்காலம், மாஸ்டர்?"

மனுசன் குனிந்து, படியடியில் கிடந்த சப்பாத்துகளை அடுக்கத் தொடங்கினார். எங்கள் மாவட்டத்துக்கு நடந்த அநியாயத்தைப் பற்றி வகுப்பில் மணிக்கணக்காகக் கொதிப்பவர் அவர். ஒரு கழற்றிய சப்பாத்தும் ஒரு கழற்றாத சப்பாத்துமாக நான் அதில் நின்றேன். வந்த ஆத்திரத்தில் கழற்றியதைக் கையில் தூக்கிக்கொண்டு பஸ் தரிப்பிடம்வரை நடந்துவிட்டேன்.

நேர்முகத்துக்குத் தனியாகத்தான் ஆயத்தப்படுத்தினேன். மேசைக்கு அப்பால் மூன்று பேர். ஏன் மருத்துவம், முதியோர் இல்லத்தில் என்ன கற்றீர்கள் என்றெல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கடைசியில், நரைத்த தாடிக்காரர் ஒருவர் மிகவும் பண்பாகக் கேட்டார்: "பயிற்சியெல்லாம் முடிக்கும்போது உங்களுக்கு நாற்பத்தைந்து தாண்டிவிடும். இந்த இடத்தை ஓர் இளைஞனுக்குக் கொடுத்தால், அவன் இன்னும் எத்தனையோ வருடம் சேவை செய்வான் அல்லவா?"

அட பாவி! ஆங்கிலத்தில் கேட்டாரே ஒழிய, அந்த மனுசி கேட்ட அதே கேள்விதான்; ரோல்ஸ் பெட்டி ஒன்றுதான் குறை.

பயிற்சியில் எழுதி வைத்த பதில்கள் எல்லாம் பறந்துவிட்டன. "பதினாறு வயதில் நான் வர ஆயத்தமாக இருந்தேன். ஒரு ஆணின் இடத்தை எடுக்கிறேன் என்று சொல்லி மறித்தார்கள். இப்போது ஒரு இளைஞனின் இடத்தை எடுக்கிறேன் என்கிறீர்கள். இந்த இடம் இன்னும் ஒருவருடையதும் இல்லை, ஐயா. அவனைப் போலத்தான் நானும் அதைக் கேட்டு வந்திருக்கிறேன்." குரல் உயர்ந்துவிட்டது. மேசையில் குத்தியதாகவும் ஒரு ஞாபகம். எல்லாம் நாசம் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன். பஸ்ஸில் எனக்கு அழுகைகூட வரவில்லை, அவ்வளவு ஆத்திரம்.

ஆனால் எடுத்தார்கள். என்னையும் எடுத்தார்கள், பெடியனையும் எடுத்தார்கள். இருவருக்கும் ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு. மாஸ்டருக்கு நானே போன் எடுத்துச் சொன்னேன். "சந்தோசம் பிள்ளை" என்று சொல்லி டக்கென்று வைத்துவிட்டார்.

ரூஜ் பக்கத்தில் புதிதாக வாங்கிய வீட்டில் அந்த மனுசி மகனுக்காகப் பெரிய விருந்து வைத்தார். என்னை அவர் அழைக்கவில்லை. பெடியன் தானே போன் எடுத்து, "அன்ரி, நீங்கள் கட்டாயம் வரவேணும்" என்று கேட்டதால் போனேன். ஹோல் முழுக்கச் சனம். தாய் என்னைக் கண்டு தலையை மட்டும் ஆட்டினார். நானும் கணவரும் சாப்பாட்டுத் தட்டோடு ஒரு மூலையில் இருந்தோம்.

மாஸ்டர் பேச எழும்பினார். தான் பட்ட பாடு, பெடியன் பட்ட பாடு எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்: "இந்த வருசம் எங்கட ஆக்களுக்குக் கிடைச்சது ஒரேயொரு சீற். அதை எங்கட பிள்ளை எடுத்திட்டான்!"

வீடே அதிரக் கை தட்டினார்கள். பக்கத்தில் இருந்த என் கணவரும் அந்த வேகத்தில் இரண்டு தரம் தட்டிவிட்டு, என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

நான் தட்டைக் கதிரையில் வைத்துவிட்டு எழும்பினேன்.

"ரெண்டு சீற், மாஸ்டர்" என்றேன். "மற்றது நான்."

ஒருவரும் கை தட்டவில்லை.