நடுக்கூடத்தில் ஒரு பெருக்கல் குறி

சிவப்புத் தரையில் கோலமாவால் போட்ட ஒரு பெருக்கல் குறி. சின்னம்மாவை நினைத்தால் எனக்கு முதலில் கண்ணில் வருவது அவள் முகமல்ல, அந்தக் குறிதான். சித்தூரில் அவள் வீட்டுக் கூடத்தின் நட்டநடுவில் குனிந்து, இரண்டே இழுப்பில் அதைப் போட்டுவிட்டுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "இங்கதான் நான் குந்தப் போறேன். மத்ததெல்லாம் இதுலருந்து அளந்துக்கோ." அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்குச் சிரிப்பு வந்தது. ப்ரொஜெக்டரை எங்கே மாட்டலாம் என்று கேட்டால், நாற்காலி எங்கே என்று பதில் சொல்கிறாளே என்று நினைத்தேன். என்னுடைய படிப்பும் ஸ்ரீசிட்டி தொழிற்சாலை வேலையும் சொல்லித் தராத பாடம் அது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவள். சித்தூரிலிருந்து கார்வேட்டிநகரம் வழியாகப் புத்தூர் போகிற பஸ்ஸில் இருபத்தேழு வருடம் நின்றுகொண்டே போய் நின்றுகொண்டே வந்தவள். கிரிக்கெட் என்றால் அவளுக்கு உயிர். ஆனால் வீட்டில் அவள் உட்கார்ந்து ஒரு மேட்ச் பார்த்து நான் கண்டதில்லை. டிவிக்கு நேர் எதிரே இருந்த சோபா, அவள் புருஷனுக்கு அண்ணனான பெரியநைனாவுக்கு. பக்கத்தில் அவள் புருஷன், சின்னநைனா. மிச்ச இடத்தில் விடுமுறைக்குப் போன நாங்கள். சின்னம்மாவுக்குச் சமையலறை வாசற்படி. நிலையில் தோளைச் சாய்த்து, கையில் கரண்டியோடு, பக்கவாட்டில் இருந்து பார்ப்பாள். யாராவது ஒரு சிக்ஸர் அடித்து அவள் கத்தினால் பெரியநைனா திரும்பாமலே சொல்வார்: "கொழம்பு கருவுது பாரும்மா." அவள் போய்க் குழம்பைக் கிளறிவிட்டு வருவதற்குள் ரீப்ளேயும் முடிந்திருக்கும். வந்து உட்கார் என்று யாரும் சொன்னதில்லை. இதை எழுதும்போதுகூட எனக்கு எரிச்சல் வருகிறது. என் மீதும்தான். நானும் அந்த சோபாவில் கால் நீட்டிப் பார்த்தவள்.

ஓய்வு பெற்ற அடுத்த வாரமே திருப்பதிக்கு பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்துவிட்டாள். "செவுரு அகலத்துக்குப் படம் தெரியற மெஷினு வேணும். கூட வா" என்றாள். ப்ரொஜெக்டர் கடைக்குப் போனோம். கடைக்காரர் எங்கள் இருவருக்கும் பின்னால் எட்டிப் பார்த்து, "சார் ராலேதா அம்மா?" என்றார். "சார் ராரு. சூசேதி நேனு" என்றாள் சின்னம்மா. சார் வரமாட்டார், பார்க்கப்போவது நான் என்று அந்த நாலு தெலுங்கு வார்த்தையில் அவர் வாயை அடைத்துவிட்டாள். அவர் ஒரு இருட்டறைக்கு அழைத்துப்போய், கருப்புத் திரை போட்டு, கடலும் மீனுமாக ஒரு படத்தைக் காட்டினார். கண்ணைப் பறித்தது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். சின்னம்மா எழுந்துபோய்க் கதவை விரியத் திறந்தாள். மீனெல்லாம் வெளுத்துச் சுவரில் கரைந்துபோயின. "எங்கூட்ல மத்தியானம் மேட்ச்சு நடக்கும். சித்தூர் வெய்யில்ல ஜன்னல மூடிக்கினு எவன் குந்துவான்? கதவு தொறந்திருக்கும்போது தெரியற மெஷினு எதுவோ அதக் காட்டு" என்றாள். நாலு மெஷின் மாற்றிக் காட்டிய பிறகு, கதவு திறந்திருந்தும் நிறம் மங்காத ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். டிக்கெட் கொடுத்த காலத்தில் செல்லாத நோட்டை விரலால் தடவியே கண்டுபிடித்தவளிடம் அவர் ஜம்பம் பலிக்கவில்லை.

மெஷினை வாங்கியது சுலபம். மாட்டுவதுதான் ரணகளமாகிவிட்டது. நான் கணக்குப் பார்த்ததில், கோலமாவுக் குறிக்குச் சற்றுப் பின்னால், கூரையில், சுவருக்கு நேர் நடுவில் வர வேண்டும். பெரியநைனா எழுந்து நின்றுவிட்டார். "எங்க நைனா போட்ட காங்கிரீட்டு ஒட்டு இது. இதுல ஒரு ஓட்ட போட வுடமாட்டேன். கூடத்து நடுவுல பெருக்கல் போட்டிருக்கியே, வூட்டுக்கு ஆவுமா அது?" என்றார். உடனே சின்னநைனாவுக்கு ஒரு யோசனை உதித்தது. கூரையில்தான் பழைய ஊஞ்சல் கொக்கி இருக்கிறதே, எதற்கு ஓட்டை? ஊஞ்சல் சங்கிலியிலேயே ஒரு பலகையைக் கட்டி, அதன்மேல் மெஷினைத் தொங்கவிட்டார்கள். வீடே கைதட்டியது. மின்விசிறியைப் போடும்வரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. போட்டதும் பலகை மெதுவாக ஆடத் தொடங்கியது. பந்து வீசுகிறவன் சுவரின் ஒரு கோடியிலிருந்து ஓடிவந்து ஜன்னலுக்குள் போனான். மைதானம் முழுவதும் ஊஞ்சலாடியது. மூன்றாவது ஓவரில் பெரியநைனா தலை சுற்றுகிறது என்று எழுந்துபோய்க் கொல்லையில் வாந்தி எடுத்தார். ஆட்டத்தை விட்டுக் கண்ணெடுக்காமல் சின்னம்மா சொன்னாள்: "கண்டக்டரம்மா கீற வூட்ல, பஸ்ல போனாப்பல வாந்தி எடுக்கறாரு பாரு."

மறுநாள் எல்லோரும் சேர்ந்து ஒரு சமாதானம் கண்டுபிடித்தோம். அந்தப் பாவத்தில் எனக்குத்தான் பெரிய பங்கு. மெஷினை ஓரத்து அலமாரி மேல் வைத்துவிடலாம். பக்கவாட்டிலிருந்து அடித்தால் படம் ஒருபுறம் பெரிதாகவும் மறுபுறம் சிறிதாகவும் கோணிக்கொள்ளும். ஆனால் ஒரு பொத்தானை அழுத்தினால் மெஷினே அதை இழுத்துச் சதுரமாக்கிக் காட்டிவிடும். கூரையும் தப்பும், பெரியநைனாவின் சோபாவும் நகர வேண்டாம். நான் பொத்தானை அழுத்தினேன், படம் நேரானது. "பாத்தியா சின்னம்மா, யாருக்குமே வித்தியாசம் தெரியாது" என்றேன். அவள் படத்தருகே போனாள். ஸ்கோர் எழுத்துகள் ஒரு பக்கம் கூர்மையாகவும் மறுபக்கம் மசமசவென்றும் இருந்தன. அதை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு அலமாரியை ஒரு பார்வை, சமையலறை வாசற்படியை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஓரமா நின்னுக்கினு, கோணலா பாத்துக்கினு, நேரா தெரியறாப்பல நடிக்கறது எனக்குப் பழக்கம்தான்டி. முப்பது வருஷம் இந்த வூட்ல அதத்தான் செஞ்சேன். காசு குடுத்து வாங்கின மெஷினுக்கும் அதே தலையெழுத்தா?" என்றாள். குரலை உயர்த்தவில்லை. பெரியநைனா பக்கம் திரும்பினாள். "பஸ்ல ஊரையே குந்த வெச்சேன் மாமா. கெழவிங்களுக்கு எடம் கேட்டுக் குடுத்தேன், புள்ளத்தாச்சிங்களுக்குக் கேட்டுக் குடுத்தேன். எனக்கு இதுவரைக்கும் ஒருத்தர் கிட்டயும் கேக்கல. இப்பவும் கேக்கல. சொல்றேன்." அடுத்த அரைமணியில் டிரில் மெஷினோடு ஆள் வந்தான். ஏணியை அவளே பிடித்துக்கொண்டாள். பெரியநைனாவின் நைனா போட்ட ஒட்டிலிருந்து கொட்டிய சிமெண்டுத் தூள் அவள் தலையில் விழுந்தது. அவள் தட்டிவிடவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

அன்று மத்தியானம் ஜன்னல்கள் திறந்திருக்க, சின்னம்மா பெருக்கல் குறியின் மேல் பிரம்பு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். முதல் பந்திலேயே, "அட, ஸ்டம்ப்பு மூணுக்கும் நடுவுல இவ்ளோ எடம் கீதா!" என்றாள். அத்தனை வருடமாக வாசற்படியிலிருந்து பார்த்த அவளுக்கு அவை ஒன்றாக ஒட்டிக்கொண்டுதான் தெரிந்திருக்கின்றன. பெரியநைனா இரண்டு நாள் தன் அறையை விட்டு வரவில்லை. மூன்றாம் நாள் நல்ல மேட்ச் ஒன்று வந்தது. அவரும் வந்து ஓரத்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

போன வருடம் சின்னம்மா போய்விட்டாள். மெஷினை எனக்குக் கொடுக்கச் சொல்லியிருந்தாளாம். போன ஞாயிற்றுக்கிழமை அதைத் திருப்பதியில் என் வீட்டில் மாட்ட ஏற்பாடு. நான் சமையல் முடித்து வருவதற்குள் என் கணவரும் மாமனாரும் எல்லாவற்றையும் முடிவு செய்திருந்தார்கள். சோபா அப்படியே இருக்கட்டும், மெஷின் ஓரத்து ஷெல்ஃபில். மேட்ச் தொடங்கிவிட்டது. கையில் கரண்டியோடு வாசற்படியில் நின்று நானும் பார்த்தேன். ஒரு ஓவர் முழுக்கப் பார்த்த பிறகுதான், என் தோள் நிலையில் சாய்ந்திருப்பது எனக்கு உறைத்தது. ஸ்டம்ப் மூன்றும் ஒன்றாகத் தெரிந்தன.

உள்ளே போய்க் கோலமாவு டப்பாவை எடுத்து வந்தேன். அவர்கள் சோபாவுக்குச் சற்றுத் தள்ளி, கூடத்தின் நடுவில் இரண்டு இழுப்பு. டைல்ஸ் தரையில் சற்று வழுக்கியது, ஆனாலும் குறி நன்றாகவே விழுந்தது. "இன்னாம்மா இது?" என்றார் மாமனார். "இதுலருந்து அளந்து நாளைக்கி மாட்டணும் மாமா. இன்னிக்கி இப்படியே பாக்கறேன்" என்று நாற்காலியை இழுத்து அதன்மேல் போட்டு உட்கார்ந்தேன். அடுப்பில் குழம்பு இருந்தது. கருகுகிற வாசனை யார் மூக்கில் ஏறுகிறதோ அவர் எழுந்துபோய்க் கிளறட்டும்.