மைக்கில் நான் சொன்ன குதிரை

ஹம்பேர்க்குக்கு வெளியே நடக்கும் தடை தாண்டும் குதிரைப் பந்தயங்களில், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னர் எந்தக் குதிரை வெல்லக்கூடும் என்று மைக்கில் சொல்வது என் வேலை. ஓடப்போகும் குதிரைகளை அப்போது வட்டமாக நடத்திக் காட்டுவார்கள்.

அன்று ஒரு செந்நிறக் குதிரையை நடத்தி வந்தவள் தமிழ்ப் பெண். குதிரைப் பராமரிப்பில் அவுஸ்பில்டுங் எனும் தொழிற்பயிற்சி செய்கிறாளாம்.

"அண்ணை, இவனைப் பற்றி நல்லதாச் சொல்லுங்கோ," என்றாள் சிரித்தபடி.

மனமாரச் சொன்னேன். கால் தவறாத குதிரை, இன்று வெல்லப்போவது இதுதான் என்றேன்.

கடைசிக்கு முந்திய வேலியில் அது விழுந்தது. மற்றக் குதிரைகள் கடந்து போய்விட்டன. அது எழும்பவில்லை. பச்சைத் திரைகளால் அதைச் சுற்றி மறைத்தார்கள். மிருக வைத்தியர் உள்ளே போனார்.

பிறகு அவள் வெறும் கடிவாளத்துடன் என்னிடம் வந்தாள். என் வாய்ச்சொல்லால் நடந்தது போல எனக்குக் கூசியது.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ தங்கச்சி," என்றேன்.

"நீங்கள் என்ன செய்தனீங்கள் அண்ணை? கால் முறிஞ்சு போச்சு, காப்பாற்ற ஏலாது எண்டு டொக்டர் சொன்னவர். கடைசி மட்டும் அவன்ர தலையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தனான்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவனைப் பற்றி இவ்வளவு வடிவா ஒருத்தரும் சொன்னதில்லை. அதுக்கு நன்றி சொல்லத்தான் வந்தனான்."

அடுத்த ஓட்டத்துக்கு என்னை அழைத்தார்கள். எது வெல்லும் என்று ஓரளவு தெரிந்திருந்தும் சொல்ல வாய் வரவில்லை. "எல்லாரும் பத்திரமாகத் திரும்பி வரட்டும்," என்று ஜெர்மன் மொழியில் சொன்னேன்.

இன்றும் அதே வேலைதான் செய்கிறேன். அந்த வசனத்தைச் சொல்லாமல் மைக்கைக் கீழே வைப்பதில்லை.