மெஹரு அக்கா சுமந்த பழி

மெஹருன்னிசா அக்கா இறந்த செய்தி எனக்குக் குறுஞ்செய்தியாகத்தான் வந்தது. ‘மெஹரு சிஸ்டர் தவறிட்டாங்க, சாயங்காலம் அடக்கம்.’ அவ்வளவுதான். ஒரு மனுஷி போனதைக் கூப்பிட்டுச் சொல்லக்கூட நமக்கு நேரமில்லையா என்று அனுப்பியவள்மேல் எரிச்சல் வந்தது. அப்புறம்தான் அழுதேன்.

கிராம சுகாதார செவிலியராக அவரோடு வேலை பார்த்த உங்கள் எல்லோருக்கும் தெரியும், அக்காவுக்கு முதலில் செல்போன் என்றாலே ஆகாது. அது நம் கைக்கு வந்த புதிதில், கர்ப்பிணிகள் வீட்டு எண்களையெல்லாம் எழுதிவைத்துக்கொண்டிருந்தோம். “இது இருந்தா கால் தேயாதுக்கா” என்றேன். “தேயட்டும். போன்ல வயித்தைத் தொட்டுப் பார்க்க முடியுமாடி?” என்றார். மாதக் கூட்டங்களில் அவரைக் கிண்டல் செய்து சிரித்தோமே, அதில் என் சத்தம்தான் ஜாஸ்தி.

ஒரு பௌர்ணமியன்று அக்கா தடுப்பூசி முகாமில் மாட்டிக்கொண்டார். மலைக்குப் பின்பக்கம் அடி அண்ணாமலையில், கால் வீங்கியிருந்த எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தியைப் பார்த்துவரச் சொல்லி என்னை அனுப்பினார். கிரிவலக் கூட்டத்தில் பஸ் இல்லை, ஆட்டோ இல்லை. இதில் யார் நடப்பது என்று அந்த வீட்டுக்குப் போன் போட்டேன். மாமியார் எடுத்தார். “நல்லாத்தான் இருக்கா நர்சம்மா. லேசா தலைவலினு படுத்துனு இருக்கா.” சரி என்று வைத்துவிட்டேன். மத்தியானம் முகாமுக்குப் போய், “பார்த்தாச்சுக்கா” என்றேன்.

“கால் வீக்கம் எப்படி இருக்கு? அமுக்கிப் பார்த்தியா?”

அதற்குமேல் பொய் சொல்ல வரவில்லை. “போன்ல கேட்டேன்க்கா. தலைவலி மட்டும்தானாம்.”

அக்கா திட்டவில்லை. “வீக்கத்தோட தலைவலின்னா வலிப்பு வரும்டி” என்றார். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். கிட்டமான வழி என்று வடக்குப் பக்கமாகப் போனதில், மொத்தக் கூட்டத்துக்கும் எதிரில் நடந்திருக்கிறார். “மலையைத் தப்பா சுத்துறியேம்மா” என்று யாரோ மறித்தார்களாம். “நான் சுத்த வரலைங்க. மாசமா இருக்கிற பொண்ணைப் பார்க்கப் போறேன், வழி விடுங்க” என்றாராம்.

அவர் போய்ச் சேர்ந்தபோது அந்தப் பெண்ணுக்கு வலிப்பு வந்திருந்தது. அந்த வீட்டுப் போனிலிருந்தே என்னைக் கூப்பிட்டு, “ஜீப்பை அனுப்பு, சீக்கிரம்” என்றார். பெரியாஸ்பத்திரியில் பெண்ணைக் காப்பாற்றிவிட்டார்கள். குழந்தை தங்கவில்லை.

மறுநாள் டாக்டர் எல்லோர் முன்னாலும் கேட்டார், அந்தப் பெண்ணை நேரத்துக்கு ஏன் யாரும் போய்ப் பார்க்கவில்லை என்று. நான் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அக்கா எழுந்து, “என் பொறுப்புல இருக்கிற ஊரு சார். நான்தான் லேட்டா போனேன்” என்றார். “ஒரு போன் வச்சிருந்தா முன்னாடியே தெரிஞ்சிருக்கும்ல?” என்றார் டாக்டர். அக்கா தலையைக் குனிந்துகொண்டார். மெமோவும் வாங்கினார்.

வெளியே வந்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று அழுதேன். “போன்ல கேட்டதுதான் தப்புனு உன்னைச் சொன்னா, நாளைக்கு பயந்துகினு நம்ம நர்சுங்க எவளும் போனை எடுக்க மாட்டா. கூட்டத்துல வழி அடைச்சுகினா அந்தப் பொண்ணுங்க நம்மளை வேற எப்படிடி கூப்பிடும்?” என்றார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, “இனிமே வீட்டுல யார் எடுத்தாலும் அந்தப் பொண்ணுகிட்ட குடுக்கச் சொல்லு. மத்தவங்க சொல்றது சேதி. நோவு அவ குரல்லதான் தெரியும். அப்பவும் சந்தேகம்னா நட” என்றார்.

அடுத்த வாரமே அக்கா ஒரு செல்போன் வாங்கினார். மெமோ வந்த பிறகுதான் அக்காவுக்குப் புத்தி வந்தது என்று நீங்கள் பேசிக்கொண்டீர்கள். நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அக்கா ஓய்வு பெற்ற நாளில்கூடத் திறக்கவில்லை.

அடக்கத்தன்று அவர் வீட்டு வாசலில் நின்றபோது நம்மில் ஒருத்தி சொன்னாள்: “தங்கமானவங்க. அந்தக் குழந்தை விஷயத்துலதான் கொஞ்சம்...”

அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். அக்காவிடம் போன் இல்லாததால் அந்தக் குழந்தை போகவில்லை. போனில் கேட்டுவிட்டுப் போகாமல் இருந்தவள் நான். பார்த்தாச்சு என்று சொன்னவளும் நான். அக்காவிடமிருந்து எனக்கென்று எடுத்துக்கொள்ள ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அந்தக் கெட்ட பெயர். அது என்னுடையது. இத்தனை வருஷம் அவர் வைத்திருந்தார். கொடுங்கள், இனி நான் வைத்துக்கொள்கிறேன்.