செம்பருத்திக்கு ஊற்றிய பால்

பிளேக் பயத்தில் கோயம்புத்தூரே மூக்கில் கைக்குட்டை கட்டித் திரிந்த வருஷம் அது. பிரசவமான மறுநாள் எனக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் என்னைத் தனி அறைக்கு மாற்றி, மகனை வார்டிலேயே வைத்துக்கொண்டார்கள். பாலைப் பீச்சிக் கொடுங்கள், குழந்தைக்கு ஒன்றும் ஆகாது என்றார் டாக்டரம்மா.

பாலை வாங்க வந்த ஆயாவை எனக்குப் பார்த்ததுமே பிடிக்கவில்லை. ஒல்லியான உடம்பு, காதில் பெரிய தோடு. டம்ளரை முந்தானையால் மூடி எடுத்துப் போவாள். என் முகத்தைப் பார்த்துப் பேசவே மாட்டாள்.

"பையன் குடிச்சானுங்களா?" என்று கேட்டால், "வயிறு நெறையக் குடிச்சானுங்க அம்மணி" என்பாள். போன வேகத்தில் டம்ளர் கழுவித் திரும்பி வரும். பச்சைக் குழந்தை அவ்வளவு வேகமாகவா குடிக்கும்?

நான்காம் நாள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். ஆயா செம்பருத்திச் செடியின் அடியில் டம்ளரைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் உள்ளே வந்ததும் கேட்டேன். அசரவில்லை.

"காய்ச்சக்காரி பாலைப் புள்ளைக்கு எப்படிங்க குடுக்கறது? சாக்கடையில ஊத்தலீங்க அம்மணி. ஊத்துனா உங்களுக்குப் பால் வத்திப் போயிருமுங்க."

"அப்ப நாலு நாளா எம் பையன் எதைக் குடிச்சான்?"

"அவன் ஒருநாளும் பசியில அழுவலீங்க" என்றாள். காலி டம்ளரை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

பிளேக் இல்லை என்று தெரிந்ததும், மகனைத் தூக்கிவர வார்டுக்குப் போனேன். நன்றாகக் கனத்திருந்தான். அங்கிருந்த தாய்மார்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். பக்கத்தில் குழந்தை இல்லாத ஒருத்தி மட்டும், பால் கசிந்து நனைந்த ரவிக்கையோடு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஆயா போய் அவள் போர்வையைச் சரிசெய்தாள்.