ஒன்பது வோல்ட்டு அக்கா

"டீ குடிச்சிட்டு வரலாம்" என்று டிரம்ஸ்காரர் குச்சிகளைக் கீழே வைப்பதற்குள், அக்காவின் வலது கால் தரையில் கிடக்கும் பொத்தானை மிதித்து ஒலியை அமர்த்திவிடும். வலது கை, பேஸ் கிட்டாரின் இடுப்பில் செருகியிருக்கும் ஒயரைப் பிடுங்கிவிடும். மற்ற நால்வரும் கருவிகளை அப்படியப்படியே விட்டுவிட்டு வெளியே போவார்கள். அக்கா மட்டும் ஒயரை வட்டமாகச் சுற்றி, ஸ்பீக்கர் பெட்டியின் மேல் வைத்து, கழன்றதுதானா என்று இன்னொரு முறை பார்த்துவிட்டுத்தான் கதவைத் தாண்டுவார்.

"அஞ்சு நிமிஷத்துல என்னக்கா கொறைஞ்சிடப் போகுது?" என்று கீபோர்டுக்காரர் ஒருநாள் கேட்டார்.

"அஞ்சு நிமிஷம்னு சொல்லிட்டுத்தான் போவீங்க. அப்புறம் யாராவது ஒருத்தர் கதையை ஆரம்பிப்பீங்க. பாவம், அது இங்க தனியாக் கெடந்து எரிஞ்சிட்டிருக்கும்."

'அது' என்றால் கிட்டாருக்குள் இருக்கும் சதுர பேட்டரி. ஒன்பது வோல்ட். எல்லா பேஸ் கிட்டாருக்கும் பேட்டரி வேண்டியதில்லை. அக்காவுடையது பேட்டரி கேட்கும் வகை. கம்பியிலிருந்து வரும் ஒலியைத் தூக்கிக் கொடுக்க உள்ளே ஒரு சின்ன மின்சுற்று இருக்கிறது. அதற்குத் தனியாக ஸ்விட்ச் கிடையாது. ஒயரைச் செருகினால் விழித்துக்கொள்ளும், பிடுங்கினால் தூங்கிவிடும். வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும், ஒயர் செருகியிருக்கும் வரை பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும்.

அக்காவுக்கு ஐம்பத்தொரு வயது. காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கும் வேலை. வார இறுதிகளில் ஐந்து பேர் கொண்ட மேடைக் குழுவில் பேஸ். இந்த இரண்டாவது வேலை தற்செயலாக வந்து ஒட்டிக்கொண்டது. மகளை இசை வகுப்பில் விட்டுவிட்டு வராந்தாவில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பக்கத்து அறையிலிருந்து யாரோ பேஸ் வாசிப்பது சுவர் வழியாக முதுகுக்கு வரும். "காதுக்கு வரலை, நேரா முதுகுக்கு வந்துச்சு" என்பார். மகள் ஆறே மாதத்தில் வகுப்பை விட்டாள். வெளியே காத்திருந்த அம்மா உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார். ஸ்வெட்டர் இன்றுவரை ஒரு கையோடு நிற்கிறது.

ஏன் பேஸ், வேறு எதுவும் கிடைக்கவில்லையா என்று கேட்டால் ஒரே பதில்தான். "இருந்தா யாருக்கும் தெரியாது. இல்லேன்னா எல்லாருக்கும் தெரியும். என் வீட்டு வேலை மாதிரியே இருந்துச்சு, புடிச்சுப் போச்சு."

ரத்தக் குப்பியில் ஒட்டுகிற அதே மாதிரிச் சிறு வெள்ளைச் சீட்டு ஒன்று அவருடைய ஒவ்வொரு பேட்டரியின் முதுகிலும் இருக்கும். போட்ட தேதி, அதன் கீழே வாசித்த மணிநேரம், பொடி எழுத்தில். அவர் கணக்குப்படி அந்தக் கிட்டாரில் ஒரு நல்ல பேட்டரி அறுநூறு மணி நேரம் தாங்கும். அக்கா நானூறிலேயே கழற்றிவிடுவார். நடுநடுவே மீட்டர் வைத்துப் பார்ப்பதும் உண்டு. "புதுசு ஒன்பதரை காட்டும். எட்டுக்கு எறங்கினா மாத்திடணும். சும்மா இருக்கறப்ப அளந்தா பொய் சொல்லும். அரை மணி வாசிச்சிட்டு ஒடனே அளக்கணும். படுத்திருக்கற நோயாளியைப் பாத்துட்டு நல்லாயிருக்காருன்னு எழுதிட முடியுமா?"

டிரம்ஸ்காரருக்கு மீட்டர் எல்லாம் எதற்கு? பேட்டரியின் இரண்டு முனையையும் நாக்கில் வைத்து, சுள்ளென்று இழுத்தால் உயிர் இருக்கிறது என்பார். ஒருநாள் அக்கா கண்ணெதிரிலேயே வைத்துவிட்டார். "அய்யய்ய! நாளெல்லாம் கையுறை மாட்டிட்டு வேலை பாக்கறவ முன்னாடி பண்ற காரியமா இது?" என்று அந்தப் பேட்டரியை ஸ்பிரிட் பஞ்சால் இரண்டு முறை துடைத்துத்தான் பையில் போட்டார்.

போகிற வீட்டில் எல்லாம், யாரும் போன் மாட்டாத சார்ஜர் சுவரில் தொங்கினால் அக்காவின் கை சும்மா இருக்காது, பிடுங்கி வைத்துவிடும். அவர் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர், சாதுவான மனிதர். "என்னை எங்கயும் செருகலை, அதனால தப்பிச்சேன்" என்று விருந்தாளிகளிடம் சொல்வார்.

ஆனால் இதெல்லாம் ஆரம்பத்திலிருந்தே இருந்த பழக்கமில்லை. தன் கிட்டாருக்குள் பேட்டரி ஒன்று இருப்பதே தெரியாமல் முதல் மேடை ஏறியவர்தான் அக்கா.

அது ஐந்து வருடத்துக்கு முந்தைய கதை. அதுவரை வகுப்பில் இருந்த சாதாரண பேஸில்தான் வாசித்துக்கொண்டிருந்தார். வெளிநாடு கிளம்பிய ஒரு பெண் அவசரமாக விற்ற கிட்டாரை வாங்கி, படுக்கையறை மூலையில் ஒயரோடு நிறுத்தி வைத்தார். வேலைக்குக் கிளம்புமுன் பத்து நிமிடம், வந்ததும் பத்து நிமிடம் வாசிக்கலாமே என்று ஒயரைக் கழற்றவே இல்லை. இரவும் பகலும் செருகியபடியே நாலு வாரம் நின்றது.

குழுவின் பேஸ்காரர் விலகிப் போனதால் டிரம்ஸ்காரர் அக்காவை நம்பிச் சேர்த்துக்கொண்டார். முதல் நிகழ்ச்சி எங்கே என்றால், அக்கா வேலை செய்யும் பரிசோதனைக் கூடத்தின் இருபத்தைந்தாவது ஆண்டு விழாவில். ஞாயிற்றுக்கிழமை மதியம், வாடகை மண்டபம், கூட வேலை செய்கிற அத்தனை பேரும் நாற்காலிகளில். சீட்டு கொடுக்கும் கவுன்ட்டர் பெண், "ஊசி குத்தற கை இன்னைக்குக் கம்பியைக் குத்தப் போகுதாம்" என்று சொன்னது அக்கா காதிலேயே விழுந்தது. வீட்டுக்காரர் மூன்றாம் வரிசையில், புதுச் சட்டையில்.

இரண்டு பாட்டு நன்றாகப் போயிற்று. மூன்றாவதில் தடித்த கம்பி கரகரத்தது, தொண்டை கட்டிய ஆள் பேசுவது போல. அக்கா தன் விரல்தான் சரியில்லை என்று நினைத்து இன்னும் அழுத்தி வாசித்தார். கரகரப்பு கூடியது, ஒலி தேய்ந்தது, பிறகு ஒன்றுமே இல்லை. பாட்டின் அடியிலிருந்து பலகையை உருவியது போல் ஆகிவிட்டது. முன் வரிசையில் யாரோ சிரித்தார்கள். டிரம்ஸ்காரர் சமாளித்து எப்படியோ பாட்டை முடித்தார்.

"எனக்கு அழுகை வரலை. இந்த வயசுல இது தேவையான்னு எல்லாரும் கேட்டாங்களே, சரியாத்தான் கேட்டிருக்காங்கன்னு தோணுச்சு" என்பார் அக்கா.

ஒலி அமைப்பாளர் மேடைக்கு ஓடிவந்து ஒயரை மாற்றினார், பெட்டியைத் தட்டினார். பிறகு கிட்டாரைத் திருப்பி, முதுகில் இருந்த சின்ன மூடியைப் பார்த்தார்.

"அக்கா, பேட்டரி மாத்தி எத்தனை நாளாச்சு?"

"பேட்டரியா? இதுக்கா?"

மூடியைத் திறந்து காட்டினார். அக்கா அதை முதன்முதலாகப் பார்த்தார். ஒலி அமைப்பாளரிடம் சதுர பேட்டரி தீர்ந்திருந்தது. ஞாயிறு மதியம், திறந்திருக்கிற கடைக்குப் போய்த் திரும்ப ஒரு மணி நேரமாவது ஆகும். அக்கா தோள்பட்டையிலிருந்து வாரைக் கழற்றத் தொடங்கினார்.

நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்க ஒரு பெண் வந்திருந்தார். அக்காவைவிடப் பத்து வயது இளையவர். அதுவரை இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அவர் கையில் ஒயர் இல்லாத மைக். அதன் அடிப்பகுதியைத் திருகி, உள்ளேயிருந்த சதுர பேட்டரியை உருவி, அக்காவின் உள்ளங்கையில் வைத்தார்.

"அப்ப நீங்க?" என்றார் அக்கா.

"எனக்குத் தொண்டை இருக்கு. அதுக்கு இல்லையே. வாசிங்கக்கா."

பாடகரின் மைக்கின் ஒயர் மேடையைத் தாண்டாது. விளையாட்டும் பரிசு வழங்கலும் மண்டபத்தின் மறுகோடியில். அறுபத்து இரண்டு பேரின் பெயரை, தட்டு ஓசைக்கும் குழந்தைகளின் கூச்சலுக்கும் மேலே, அந்தப் பெண் வெறும் தொண்டையால் கூப்பிட்டார். இரண்டரை மணி நேரம். அக்கா வாசித்தார். கடைசிப் பாட்டுக்குக் கவுன்ட்டர் பெண்ணே எழுந்து ஆடினாள். வீட்டுக்காரர் வெளியே வந்து சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "நாற்காலி அதிர்ந்துச்சு."

அன்றைக்கு நன்றி சொல்லி, மறுவாரம் ஒலி அமைப்பாளரிடம் புதுப் பேட்டரி கொடுத்தனுப்பியதோடு முடிந்தது என்றுதான் அக்கா நினைத்திருந்தார். இரண்டு வருடம் கழித்து, ஒரு ஒத்திகையில், ஒலி அமைப்பாளர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அந்த விழாவுக்குப் பிறகு அந்தப் பெண்ணுக்கு ஒன்பது நாள் குரலே வரவில்லை. அந்தப் புதன்கிழமை, புத்தகங்களை ஒலிப்பதிவு செய்யும் நிறுவனம் ஒன்றில் அவருக்குக் குரல் தேர்வு இருந்திருக்கிறது. எட்டு மாதம் காத்திருந்து கிடைத்த தேதி. போகவில்லை.

அக்கா மறுநாளே வேலை முடிந்த கையோடு அவர் வீட்டுக்குப் போய்விட்டார். மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்கக் கதவில் நின்று, "ஏம்மா, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்றார்.

"சொல்லியிருந்தா வாங்கியிருப்பீங்களா?"

"மாட்டேன்."

"அதான்" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் உள்ளே போய் தண்ணீர் கொண்டுவந்தார். பிறகு சிரித்தார். "அடுத்த வருஷம் வேற எடத்துல எடுத்துக்கிட்டாங்கக்கா. பார்வையில்லாதவங்களுக்குப் பாடப் புத்தகம் வாசிக்கிறேன். கணக்குப் பாடம் வாசிக்கிறதுதான் நரகம். அடைப்புக்குறி, அடைப்புக்குறி முடிஞ்சுதுன்னு சொல்லிச் சொல்லிக் கனவுலயும் அதான் வருது."

அக்கா அங்கே ஒரு மணி நேரம் இருந்தார். என்ன பேசினோம் என்று இப்போது அவருக்கு நினைவில்லை. திரும்பிவரும்போது பேருந்தில் இடம் இருந்தும் உட்காரத் தோன்றாமல் கம்பியைப் பிடித்தபடி நின்றே வந்ததுதான் நினைவிருக்கிறது.

அன்றிலிருந்து அவர் பையில் எப்போதும் நாலு சதுர பேட்டரி இருக்கும். இரண்டு தனக்கு, இரண்டு யாருக்கோ. போட்டிக் குழுவின் கிட்டார்காரருக்குக் கொடுத்திருக்கிறார். ஒரு மேஜிக் நிபுணரின் பெட்டி விளக்கு எரியக் கொடுத்திருக்கிறார். பிறந்தநாள் குழந்தையின் ரிமோட் காருக்குக்கூட. திருப்பித் தர வந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். நானூறு மணி உழைத்து ஓய்வு பெற்றவை ஒலி அமைப்பாளரின் ஒயர் சோதிக்கும் கருவிக்குப் போகும். "அவரு இன்னும் இருநூறு மணி நேரம் ஓடுவாரு" என்பார், ஏதோ மனிதரைப் பற்றிச் சொல்வது போல. குழுவில் ஒன்பது வோல்ட்டு அக்கா என்ற பெயர் இப்படித்தான் விழுந்தது. கோபித்துக்கொள்வதில்லை. "ஆஸ்பத்திரியில கூப்பிடற ஊசி அக்காவுக்கு இது தேவலாம்."

போன மாதம் ஒருநாள் காலை ஏழேகால் மணிக்கு, நாற்பத்தொன்றாம் எண்ணைக் கூப்பிட்டார். உள்ளே வந்தது அந்தத் தொகுப்பாளர் பெண். வருடா வருடம் அலுவலகத்தில் எடுக்கச் சொல்லும் சாதாரணப் பரிசோதனைதான். ஆனால் முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, எனக்கு ஊசின்னா ஆகவே ஆகாது."

"மண்டபம் கொள்ளாத கூட்டத்துக்கு முன்னாடி பேசறே?"

"அது வாயி. இது கையி."

நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை இறுக்கி மூடி, தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அக்கா பட்டையைக் கட்டி, நரம்பைத் தடவிப் பார்த்தார். சற்று நேரத்தில் அந்தப் பெண், "இன்னும் குத்தலையா?" என்றார்.

"எடுத்தே முடிச்சாச்சு."

பஞ்சை வைத்த அடுத்த நொடியே, "ரெண்டு நிமிஷம் அழுத்திப் புடிச்சுக்கங்க, அடுத்தவங்க வாங்க" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவது அக்காவின் வழக்கம். அன்று வெளியே பத்தொன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். பஞ்சை வைத்தார், கட்டைவிரலை எடுக்கவில்லை.

"குடுங்கக்கா, நானே புடிச்சுக்கறேன். ஆளுங்க காத்திருக்காங்க பாருங்க."

"இரு."

அடுத்த எண்ணை அழைக்கும் பொத்தான் இடது கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அக்கா அந்தக் கையையும் கொண்டுவந்து, அவருடைய முழங்கைக்கு அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டார்.